கைராசி ஊசி

எங்கள் தெருமுனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டரின் எவர்சில்வர் கிண்ணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காபி தொண்டையில் இறங்காது. டாக்டர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எங்கேயோ கம்பவுண்டராக இருந்துவிட்டு வந்து போர்டு மாட்டிக்கொண்டவர். கிண்ணத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர், அதன் மேல் எண்ணெய் போல ஒரு படலம், அடியில் இரண்டு ஊசிகள். ஒருவருக்குக் குத்தியதை அதில் ஒரு முக்கு முக்கி எடுத்து அடுத்தவருக்குக் குத்துவார். முனை மழுங்கினால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் நாலு தேய் தேய்ப்பார். துடைக்கிற பஞ்சு எல்லோருக்கும் ஒன்றேதான். காலையில் வெள்ளையாக இருக்கும், மதியத்துக்குள் காவியேறிவிடும். சீ.

பிள்ளையார்பாளையத்தில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறவரை எங்கள் ஜனங்கள் டாக்டராகவே மதிக்கமாட்டார்கள். "ஊசி போடலன்னா ஜுரம் எப்டிமா எறங்கும்?" என்று என்னையே கேட்பார்கள். இதே ஜனங்கள்தான் அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டார்கள். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். எச்சில் கையால் சோற்றுப் பானையைத் தொட்ட குழந்தைக்கு முதுகில் ஒன்று விழும். பக்கத்து வீட்டுக்காரனின் ரத்தம் ஒட்டிய ஊசிக்கு மட்டும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். ஹெபடைடிஸ் சி என்கிற கிருமியைப் பற்றித் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வதுதான் வேலை. ரத்தம் வழியாகப் பரவும், பல வருஷம் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும். தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டால் வரும். இதைத் திருப்புட்குழி வரைக்கும் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அது எங்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்வதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதில் தெரிந்தது. என் அண்ணனுக்கு வாய் நிற்காது, அன்று சாயங்காலமே டீக்கடையில் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா, அண்ணியைக் கண்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். அதுவரைக்கும் அவளுக்கும் அண்ணிக்கும் நகமும் சதையும் மாதிரிப் பழக்கம். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் இரண்டு வீட்டிலும் சாப்பாடு. அப்பேர்ப்பட்டவள் மூக்கைப் பொத்தினாள். ரத்தத்தில் இருக்கிற கிருமிக்கு மூக்கைப் பொத்தி என்ன பயன் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அண்ணி கையைப் பிடித்து அடக்கிவிட்டாள்.

மூக்கோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். எங்கள் தெருவுக்கே பட்டு நெசவுதான் தொழில், அதில் பாவு நீட்டுவதை ஒரு குடும்பம் மட்டும் சேர்ந்து செய்துவிட முடியாது. தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளை விடியற்காலையில் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை வெயில் ஏறுவதற்குள் பிணைத்துவிட வேண்டும். அதற்குத் தெருவே வந்து கை கொடுக்கும். இன்றைக்கு உன் வீட்டுப் பாவுக்கு நான், நாளைக்கு என் வீட்டுப் பாவுக்கு நீ. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் கதவுகள் தானாகத் திறக்கும்.

அந்த மாதம் எங்கள் பாவுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. அண்ணன் ஒரு முனையில், நான் மறுமுனையில். அண்ணி நடுவில் ஓடி ஓடி இழை பிணைத்தாள். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன, வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் கூசவில்லை. வெயில் ஏறி, கஞ்சி காய்ந்து, பாதிப் பாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"இது போனா போவுதுமா," என்றாள் அண்ணி. "அடுத்த பாவுக்காவது வருவாங்களா? அத்தச் சொல்லு."

தெரு வராவிட்டால் எங்கள் வீட்டில் தறி ஓடாது. அவளுக்கு வேறு தொழிலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் முன்னால் படங்களை மாட்டிக் கூட்டம் போட்டேன். வயிற்றெரிச்சலில் குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"போன வருஷம் சிக்குன்குனியா வந்தப்ப முனை வீட்டுல ஊசி போட்டுக்காதவங்க யாரு? கையத் தூக்குங்க," என்றேன்.

ஒரு கையும் எழவில்லை.

"அவரு போட்டதுலதாம்மா எழுந்து நடந்தோம்," என்றார் ஒரு பெரியவர். "சுடுதண்ணியில கழுவித்தான போடறாரு."

"அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிப்பீங்களா?"

அவர் முகத்தைச் சுளித்தார். "த்தூ, அத்தப் போயி யாருனா குடிப்பாங்களா?"

"குடிக்கக் கூசுது. ஒடம்புக்குள்ள ஏத்திக்கக் கூசல."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, விளங்கிவிட்டது என்று நானும் நம்பினேன். வருகிற புதன்கிழமை இதே இடத்தில் இலவசமாக ரத்தம் பார்ப்பார்கள், இருக்கிறது என்று தெரிந்தால் வைத்தியமும் உண்டு என்று சொல்லி முடித்தேன். அண்ணி, தான் செய்த சுண்டலைத் தொன்னையில் போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் கை நீட்டி வாங்கினார்கள். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் கோயில் மதிலோரம் தொன்னை தொன்னையாக அப்படியே கிடந்தது. ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. அண்ணி துடைப்பம் எடுத்து வந்து கூட்டினாள்.

புதன்கிழமை மேசை போட்டு நர்ஸம்மாவும் அண்ணியும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஈ காக்காய் வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் கைராசிக்காரர் வாசல் தெரியும். அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள். மதியத்துக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை, நேராக எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அக்கா பாதிக் கதவைத் திறந்தாள்.

நான் இந்த வேலையில் சேர்வதற்கு முன்னால், சிக்குன்குனியா சமயத்தில் அண்ணிக்கு நிற்க முடியாமல் நான்தான் தாங்கிக்கொண்டு போனேன். அதனால் என் கண்ணாலேயே பார்த்தது. அண்ணியின் கையிலிருந்து உருவிய ஊசியைக் கிண்ணத்தில் முக்கி, அடுத்து இவள் கையில்தான் குத்தினார். அதைக் கேட்கத்தான் போனேன்.

"அன்னிக்கி அண்ணிக்குப் பக்கத்துல பெஞ்சுல யாருக்கா ஒக்காந்துக்கினு இருந்தது?"

அவள் தன் புஜத்தைத் தடவிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? ஒங்க அண்ணிக்குன்னு கேட்ட நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"அப்ப வாங்க. கொஞ்சம் ரத்தந்தான் எடுப்பாங்க."

"எடுத்துட்டு, எனக்கும் இருக்குதுன்னு சொல்லிட்டா?"

"வைத்தியம் இருக்குதுக்கா."

"வைத்தியம் கெடக்குது," என்றாள். "எங்க வூட்டுப் பாவுக்கு அப்புறம் யாரு வருவா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மேல் அத்தனை நாள் எனக்கிருந்த அருவருப்பு அந்த இடத்தில் தெரு முழுக்கப் பரவியது. அண்ணியை ஒதுக்கிக் காட்டியே ஒவ்வொரு வீடும், தனக்கும் இருந்தால் வெளியே சொல்லமுடியாதபடி தன் வாயைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை பேர் ஈரலை அது அரித்துக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

மேசைக்குத் திரும்பினேன். அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"வர்றாளா?"

அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணி அந்தச் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"ஏன், அவ வூட்டுப் பாவுக்கு நா போவ மாட்டனா? அத்தச் சொன்னியா நீ?"

சொல்லவில்லை. திரும்பிப் போய்த் தட்டினேன். உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது. அவள் திறக்கவில்லை.