‘தெரியாதா?’ என்றார்கள், ‘யெஸ்’ என்றேன்

எழுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணம் முடிந்து சில மாதங்களில், சிட்னியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் முதன்முதலாக வந்து இறங்கினேன். விமான நிலையத்துக்கு வெளியே அவர் பூங்கொத்தோடு காத்து நிற்க, உள்ளே நான் சுங்க அதிகாரிகளுக்கு நடுவில் முழித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் ஒரு பால்மா தகரத்தால், அதாவது பால்பவுடர் டின்னால், வந்த வினை. கொழும்பில் பக்கத்து வீட்டுக்காரர் தந்துவிட்டது. “தங்கச்சி, மிளகாய்த்தூள்தான். என்ர தம்பி அங்க எயார்போட்டுக்கு வந்து வாங்குவான்” என்றார். மூடி ஈயத்தால் பற்றவைத்து ஒட்டப்பட்டிருந்தது. வெளிநாடு போகிறவர் கையில் பார்சலைத் திணிப்பதும், முகம் கோணாமல் அதை வாங்கிக்கொள்வதும் எங்கள் ஆட்களின் பழக்கம். நானும் வாங்கினேன். சுங்கத்தில் தகரத்தை வெட்டிப் பார்த்தபோது, மிளகாய்த்தூளுக்குள் இருந்தது கஞ்சா. அந்தத் தம்பி வரவேயில்லை.

விசாரணையின்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்தவளுக்கு மொழிபெயர்ப்பாளரா! வேண்டாம் என்றுவிட்டேன். ஒருவர் கேள்வி கேட்க, இன்னொருவர் தட்டச்சு செய்தார். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லி, கடைசியில் கையெழுத்தும் போட்டேன். என்மீது போதைப்பொருள் கடத்திய குற்றம் சாட்டி, பிணையில் விட்டார்கள்.

இலவச சட்ட உதவியில் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். நரைத்த தலை, கோட்டு முழுக்க சிகரெட் சாம்பல். இது மத்திய அரசின் வழக்கு என்று பொறுமையாக விளக்கினார். சாட்சியம் போதுமா என்று முதலில் மாஜிஸ்திரேட் பார்ப்பாராம். போதும் என்றால் குற்றப்பத்திரம் தாக்கலாகி, மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் வழக்கு நடக்குமாம். அதற்கு முன்பே குற்றத்தை ஒத்துக்கொண்டால் விசாரணை இல்லை, தண்டனையும் குறையலாம். “தெரியும் என்று நீயே வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறாய். அதுதான் சிக்கல்” என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். இப்படிச் சொல்கிற எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

வீட்டில் ஒவ்வொரு நாளும் சண்டை.

“இஞ்ச பாரும், குற்றத்துக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு அலுவலை முடிப்பம்” என்றார் கணவர்.

“செய்யாததுக்கு எப்பிடி ஓம் எண்டுறது? ஒத்துக்கொண்டா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“வழக்காடித் தோத்தா வருசக்கணக்கில ஜெயில். அது விளங்குதோ உமக்கு?”

அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எனக்கு ஜெயிலைவிட அதுதான் வலித்தது. அழுது அழுது அலுத்துப்போய், சரி, ஒத்துக்கொண்டு தொலைக்கிறேன் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

அதைச் சொல்லத்தான் இருவரும் வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் போனோம். என் வீங்கிய கண்களைப் பார்த்து, அவரே எழுந்து தேநீர் போட்டார். பால் சேர்ப்பதில்லையா என்று கேட்டார். “யெஸ்” என்றேன். பாலை ஊற்றித் தந்தார். எனக்குப் பச்சைப்பால் வாடையே ஆகாது. கோப்பையைத் தொடாமல் வைத்திருந்தேன். பிடிக்கவில்லையா என்றார். “யெஸ்” என்றேன் மறுபடியும்.

மனிதர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பிடித்திருக்கிறதா, இல்லையா? ஒன்றைச் சொல்.”

“பிடிக்கவில்லை என்றுதானே சொன்னேன்!” எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

என் கணவர் சட்டென்று நிமிர்ந்தார். எங்கள் மொழியில் ‘பிடிக்கவில்லையா’ என்று கேட்டால் ‘ஓம், பிடிக்கவில்லை’ என்போம், அந்த ‘ஓம்’தான் இவள் வாயில் ‘யெஸ்’ ஆகிவிட்டது, இங்கிலீஷிலோ அந்த ‘யெஸ்’ ‘பிடிக்கிறது’ என்று ஆகிவிடும் என்று விளக்கினார். சொல்லி முடிப்பதற்குள் வழக்கறிஞர் என் வாக்குமூலத்தை இழுத்து எடுத்துவிட்டார். தகரத்தை நீ திறந்து பார்க்கவில்லையா? யெஸ். உள்ளே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாதா? யெஸ். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லட்சணம் அது! ஒத்துக்கொள்ளும் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவேயில்லை.

மாஜிஸ்திரேட் முன்னால், என்னை விசாரித்த அதிகாரியிடம் அவர் கேட்டார். தகரத்தைத் திறந்து பார்த்ததாக இந்தப் பெண் சொன்னாள் என்கிறீர்களே, நீங்கள் வெட்டும்போது ஈயப்பூச்சு எப்படி இருந்தது? உடையாமல் இருந்தது என்று அதிகாரி உண்மையைச் சொன்னார். பிறகு என் மொழிப் பழக்கத்தை எடுத்துச் சொல்ல, தமிழ் தெரிந்த ஒருவரைச் சாட்சியாக அழைத்தார். மாஜிஸ்திரேட் வாக்குமூலத்தை மறுபடி வாசித்தார். மேல் நீதிமன்றத்துக்கு அனுப்ப இது போதாது என்று சொல்லி என்னை விடுவித்தார்.

வெளியே வந்ததும் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பயத்தில புத்தி கெட்டுப்போச்சு. என்னை மன்னியும்” என்றார். என் கோபம் அங்கேயே போய்விட்டது.

அந்த வழக்கறிஞர் இப்போது இல்லை. அவருக்கு என்னை நம்ப வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. நான் ஏன் தேநீரைக் குடிக்கவில்லை என்று கேட்காமலும் இருந்திருக்கலாம். இன்றைக்கும் பத்திரிகையில் ‘குற்றத்தை ஒத்துக்கொண்டார்’ என்று ஒரு வரியைக் கண்டால், அந்த மனிதர் எந்த மொழியில், யாருக்குப் பயந்து ஒத்துக்கொண்டாரோ என்று நினைக்காமல் என்னால் பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை.