நான் வாபஸ் வாங்கிய தேர்தல்

கடந்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். செய்தி வந்த அன்று நான் திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை எனக்கு. அண்ணன் போனில் சொன்னதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் பெரிய தெருக்கள் ஒரு பக்கம், 'ஊர்' என்றாலே அந்தப் பக்கம்தான்; ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. எங்கள் ஆட்கள் வார்டு உறுப்பினராக இருந்திருக்கிறார்கள். தலைவராக யாரும் இருந்ததில்லை. எழுதிவைத்த சட்டம் ஒன்று ஏரிக்கரையைத் தாண்டி எங்கள் வாசல்வரை நடந்து வந்ததுபோல இருந்தது.

மனுத் தாக்கல் செய்தேன். யாரையும் கேட்கவில்லை. கணவர் மட்டும் பைக்கில் திருப்போரூர் ஒன்றிய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் என் தோழி நின்றுகொண்டிருந்தாள்.

ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். கல்யாணமும் இருவருக்கும் உள்ளூரிலேயே. அவள் மகளிர் குழுத் தலைவி, நன்றாகப் பேசுவாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "நீயும் வந்துட்டியா? சரி, யார் ஜெயிச்சாலும் நம்ம தெருதான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு பேர் நின்றால் ஜனங்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்தல் என்பதே அதற்குத்தானே.

இரண்டு நாள் கழித்து அண்ணன் தெருப் பெரியவர்களோடு வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு பேரும் நின்னா நம்ம ஓட்டு ஒடையும்மா. ஊர்க்காரங்க அவுங்க சொல்றத கேக்குற ஒரு பொம்பளைய நிறுத்தி ஜெயிக்க வெச்சிடுவாங்க. ஒருத்தர் விட்டுக் குடுக்கணும்."

"ஏன் நானு? அவள கேக்க வேண்டியதுதானே?"

"அவ குழுவுல நூறு பொம்பளைங்க கீறாங்க. உனுக்கு யாரு கீறாங்க?"

அது உண்மைதான். காலையில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் நான். அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே தோழி வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மொத கிராம சபை நம்ம தெருவுலதான். சுடுகாட்டுப் பாதைதான் மொத தீர்மானம். எங்கம்மா மேல சத்தியம்" என்றாள்.

அவள் அம்மா மேல் சத்தியம் என்றதும் அந்தச் சாவு எனக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது, வயல் வரப்பில்தான் தூக்கிப் போக வேண்டும். அவள் அம்மாவை எடுத்த அன்று நல்ல மழை. பெண்கள் நாங்கள் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வரப்பு வழுக்கி ஒருவர் சேற்றில் விழுந்தார், பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. இவள் கத்தியபடி ஓடப் பார்த்தாள். நான்தான் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன்.

மறுநாள் போய் வாபஸ் வாங்கினேன். பிறகு லீவு போட்டு அவளுக்காக வீடுவீடாகப் போனேன். பூட்டு சாவிச் சின்னம். பெரிய தெருக்களில்கூட எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். காலம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் சுலபமாக ஜெயித்தாள்.

குடியரசு தினத்தன்று கிராம சபை. எங்கள் தெருவில் இல்லை, வழக்கம்போல ஊர்ப் பக்கம் கோயில் மண்டபத்துக்கு எதிரில் பந்தல் போட்டிருந்தார்கள். முதல் கூட்டம், ஏதோ அவசரத்தில் மாற்றியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் நடு நாற்காலியில் முன்னாள் தலைவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்து நிலங்களை வாங்கி மனை போடுகிறவர் அவர். என் தோழி பட்டுப்புடவையில் ஓரத்து நாற்காலியில் இருந்தாள். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களைப் படித்தார். புதிய மனைப்பிரிவு ஒன்றுக்கு ஆட்சேபணை இல்லை என்பது அதில் ஒன்று. சுடுகாட்டு வரப்பு போகும் நிலமும் அந்த மனைப்பிரிவுக்குள் வருகிறது. பாதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எழுந்தேன். "தலைவர் அம்மா பதில் சொல்லட்டும். பாதை இன்னா ஆச்சு?"

முன்னாள் தலைவர் பேச வாயெடுத்தார். "நான் உங்கள கேக்கல. நாங்க ஓட்டு போட்டது அவுங்களுக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமலே மைக்கை வாங்கினாள். "இவங்களும் எலெக்சன்ல நிக்க ஆசப்பட்டவங்கதான். நின்னுருந்தா டெபாசிட் போயிருக்கும். அந்த வயித்தெரிச்சல்ல வந்து பேசிகினு கீறாங்க. யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

பெரிய தெருக்காரர்கள் சிரித்தார்கள். அது ஒன்றுமில்லை. எங்கள் தெருப் பெண்கள் சிலரும் சிரித்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் டிப்பர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மனைக்கு மண் அடிக்கிற வண்டி.

"உனுக்கு மின்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"இன்னா தெரியுமா?"

"அவுங்க அவளத்தான் நிறுத்துறாங்கன்னு."

குழாயை மூடிவிட்டு வந்தார். "தெரியும். நீ மனு குடுக்க மின்னாடியே ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க. நீ நின்னா நம்ம தெரு ஓட்டு உனுக்கு வந்துடும்னு பயந்தாங்க. அதான் என்ன அனுப்பிச்சாங்க."

"எனக்கு யாருமே இல்லன்னு சொன்னியே."

"அப்படி சொன்னாதான் நீ விடுவ. இன்னா பண்ண சொல்ற? அவுங்க வேல குடுத்தாதான் என் வண்டி ஓடும்."

அவர் வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப்போன அண்ணன், என் மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையை என்னிடமிருந்தே மறைத்துவிட்டார்.

அடுத்த கிராம சபைக்கு எட்டுப் பெண்களோடு போனேன். பாதைத் தீர்மானத்தைக் கொண்டுவரும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று முன்வரிசையில் உட்கார்ந்தோம். கடைசியில் நிறைவேற்றினார்கள். பாதை என்று எதையும் போடவில்லை. மனைக்காரர்கள் சுற்றுச்சுவர் கட்டி ஒரு இரும்புக் கேட் வைத்தார்கள். சாவு விழுந்தால் வாட்ச்மேனிடம் கேட்டால் திறந்துவிடுவார் என்றார்கள். எங்கள் சுடுகாட்டுக்கே நாங்கள் அனுமதி கேட்க வேண்டும்.

போன வருஷம் என் மாமனார் இறந்தார். கேட் பூட்டியிருந்தது. முதலாளிக்கு போன் போட வேண்டும் என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயிலில் பாடையைக் கீழே வைத்தார்கள். அப்போது ஒரு கார் வந்து நின்றது. என் தோழி மாலையோடு இறங்கினாள். வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் வணக்கம் வைத்துவிட்டு கேட்டைத் திறந்தார்.

"தலைவரம்மாவாலதான் வேல ஆச்சு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

அவள் மாலையைப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். பழைய மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. "எதுனா வோணும்னா சொல்லு. நான் கீறேன்" என்றாள்.

கையை உருவிக்கொண்டேன். சாவு வீட்டில் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார்.