முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

லிஃப்ட் மெக்கானிக்குகளில் அவருக்கு நிகர் அவர்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்; அதற்காக ஒருநாளும் தலைகுனிந்ததில்லை. நகரத்தில் உயர்ந்து நிற்கிற கட்டடங்களில் பாதி அவர் பேரைச் சொல்லும். லிஃப்டுக்குள் ஏறியதும் பின்மண்டையைச் சுவரோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடுவார். மேலே உருளை தேய்கிறதா, கம்பிவடம் முறுக்கு விடுகிறதா, எல்லாம் காதிலேயே பிடிபட்டுவிடும். “கண்ணைத் திறந்தா காது தூங்கிடும்டா” என்பார். தொழிலில் அவருக்குக் ‘காதண்ணன்’ என்று பேர்.

மனைவி நோயில் கிடந்தபோது மகள் சொன்னாள், “அம்மா பேசறதைக் கொஞ்சம் போன்ல பதிவு பண்ணி வச்சுக்கலாம்ப்பா.”

“என் காது இருக்கும்போது மிஷின் எதுக்கு?” என்று அடக்கிவிட்டார்.

மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் அந்தக் குரல் கரைந்துவிட்டது. முகம் இருந்தது. சொன்ன சொல்லெல்லாம் இருந்தது. குரல் மட்டும் எவ்வளவு முட்டினாலும் வரவில்லை. யாரிடம் சொல்வது? காதண்ணனைக் காதே கைவிட்டது என்றால் ஊர் சிரிக்காதா?

ஒரு மதியம், தான் லிஃப்ட் போட்ட கட்டடத்தின் கீழ்த்தளக் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் மரத்தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னாள்: “எங்க வீட்டு மகராசனா? சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே ஆபீஸ் போயிட்டு வந்துட்டார்டி!”

அவர் கையில் கோப்பை அப்படியே நின்றது. அதே குரல். சிரிப்பதற்கு முன்னால் மூச்சு லேசாகத் தடுக்கும் அந்த இடம்கூட அப்படியே.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வேறு யாருடைய முகமோ இருக்கும்; குரல் போய்விடும். தடுப்பில் பின்மண்டையை ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொள்வார். மாமியார் சண்டை, மேலதிகாரியின் கஞ்சத்தனம், எதுவானாலும் கேட்பார். வீட்டுக்குப் போனால் மனைவி காதுக்குள் மறுபடி பேசினாள்: “சோறு ஆறுது, வாங்க பெரிய இன்ஜினியரே!”

“என்னங்கய்யா, தவமா?” என்று கல்லாவில் இருந்த பெண் சீண்டினாள். “வரம் கிடைச்சா எனக்கும் கொஞ்சம் ஒதுக்குங்க.”

“எனக்குக் கிடைச்சாச்சு. நீ முதல்ல சர்க்கரையைக் குறைச்சுப் போடச் சொல்லு.”

அன்று பின்னால் இருந்தவள் போனில் கணவனைக் கேட்டாள்: “சாப்ட்டீங்களா?”

“ஆச்சும்மா” என்றார் இவர். வாய்விட்டு, பழக்கதோஷத்தில்.

பின்னால் பேச்சு அறுந்தது. பிறகு தோழி கிசுகிசுத்தாள். வேறு யார் காதுக்கும் எட்டியிருக்காது.

“திரும்பாதே. ஒரு கிழம்டி. தினமும் உன் முதுகுக்குப் பின்னாடியே வந்து உக்காருது. கண்ணை மூடிக்கிட்டு, தலையை உன் பக்கம் சாய்ச்சுக்கிட்டு… உள்ளே வரும்போதும் போகும்போதும் நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

“எனக்குப் பயமா இருக்குடி. வா, போயிடலாம்.”

அந்தக் குரலில் பயத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நர்ஸைக் கேலி செய்துகொண்டு கிடந்தவள் அவர் மனைவி. எழுந்து இரண்டு வார்த்தை விளக்கிச் சொல்ல நினைத்தார்; அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் தரையில் உரசின. செருப்புச் சத்தம் வாசல்வரை போய்த் தெருவில் கலந்தது.

அதன்பிறகு அந்தப் பெண்கள் அங்கே வரவில்லை. அவரும் போவதை விட்டுவிட்டார்.

குரல் மட்டும் கரையவில்லை. முன்னைவிடத் துலக்கமாக, அடுக்களைப் பக்கமிருந்தே வருகிறது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, வெறும் வீட்டைப் பார்த்துக் கெஞ்சினார்: “ஒரே ஒரு தடவை என்னைத் திட்டேன்டி.”

“பயமா இருக்கு” என்றது அவள் குரல். “வா, போயிடலாம்.”