துரைசானிக்கு ஒரு முழுக்கு

ஒரு பங்குனி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைக்காரி குடியிருந்தாள். கண்ணுக்குத்தான் தெரியமாட்டாள். பொழுது விடிந்தால் அப்பா முதற்கொண்டு எல்லாரும் அவளைத்தான் விசாரிப்போம்.

அவளைக் கூட்டிவந்தது என் சித்தி, அம்மாவின் தங்கை. தர்மபுரி காலேஜில் இங்கிலீஷ் பி.ஏ. கடைசி வருஷம். பரீட்சைக்குப் படிக்க அமைதியான இடம் வேண்டுமென்று, காரிமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்தாள். வந்த நேரம் பார்த்தால் புளி நேரம். அப்பா ஊரிலிருந்த புளியமரங்களில் பாதியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வீட்டையொட்டிய கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டல் சத்தத்தில் எங்கே படிப்பது? படித்ததை வாய்விட்டுத் தமிழில் சொன்னால் மனசில் நிற்கும் என்று சித்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தகத்தோடு வந்து கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாடமாக வைத்திருந்த நாவலில் வந்தவள் லண்டனில் ஒரு துரைசானி. புருஷன் நல்லவன். மூன்று பிள்ளைகள். சமைக்க ஆள் உண்டு, துணி துவைக்க ஆள் உண்டு. காலையில் எழுந்து மேஜைமேல் கரண்டிகளை எடுத்து அடுக்குவாள். ஒரு கரண்டியை வைப்பதற்குள் பத்துப் பக்கம் ஓடிவிடும். அவ்வளவும் அவள் மனசுக்குள் நடப்பது. பிறந்த வீட்டில் இருந்த ஜன்னல், மழை பெய்த ஒரு நாள், யாரோ எப்போதோ சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை. அப்புறம் மத்தியானமானால் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்குப் போவாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நின்றுவிட்டு வந்துவிடுவாள். மறுநாளும் அதே.

முதல் இரண்டு நாள் என் அத்தைக்குப் பொறுக்கவில்லை. அத்தை அப்பாவுக்கு அக்கா. கொட்டகைக்கு அவர்தான் தலைமை.

“ஏ புள்ள, அந்தக் கரண்டிய வெச்சாளா இல்லியா, அத மொதல்ல சொல்லு.”

“இன்னும் இல்லீங்க. யோசிச்சிக்கிட்டு இருக்கா.”

“இப்பிடி யோசிச்சா எங்க வூட்டுல எப்பங்க சோறு ஆவறது?” என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். ஆனால் மூன்றாம் நாள் ஒருத்தியும் தாமதமாக வரவில்லை. காலையில் குந்தினால் எழுந்திருக்க மனசில்லாமல் வேலை செய்தார்கள். புளி மலைபோலக் குவிந்தது. புத்தகம் என்றாலே முகத்தைச் சுளிக்கும் அப்பா, சாயங்காலம் எடை பார்க்கிற சாக்கில் வந்து, “அந்தம்மா இன்னிக்கு எது வரைக்கும் வந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டு போவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பஸ் ஏறினால் பஸ் கவிழுமோ, கோழி கத்தாவிட்டால் செத்துவிட்டதோ என்று பயப்படும் சுபாவம். துரைசானி பாலத்துக்குப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குதித்துவிடுவாளா? சித்தியைக் கேட்டால், நானே இன்னும் கடைசி வரைக்கும் படிக்கவில்லை என்பாள். அந்தப் பயம் அப்படியே எங்கள் கிணற்றுக்கும் பரவிவிட்டது. கிணறு மேட்டுக்கு அந்தப் பக்கம். மத்தியானச் சோறு முடிந்து எல்லாரும் சற்றுத் தலைசாய்க்கும் நேரத்தில் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். நான் மேட்டில் ஏறி நின்று “அம்மா” என்று கத்துவேன். “வரேன் சாமி” என்று பதில் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும். அந்த மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல் கூப்பிட்டேன்.

துரைசானிக்கு என்னதான் ஆச்சு என்று கொட்டகை இரண்டு பட்டது. “புருசன் அடிக்கல, மாமியா கெடையாது, சோறாக்க ஆளு. அப்பறம் அவளுக்கு என்னா கொற? காத்து கருப்புதான் அண்டியிருக்கு” என்று அத்தை தீர்த்துச் சொல்லிவிட்டார். தீர்த்தமலையில் பாறையிலிருந்து விழுகிற தண்ணீரில் தலை கொடுத்தால் எப்பேர்ப்பட்டதும் இறங்கிவிடும் என்றார்.

பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா அதற்கு ஒப்பவில்லை. “தொரைசானி எங்க ஆளுங்க. மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்தறதுதான் மொற.”

“நீ மெழுவத்தி ஏத்து, நாங்க தண்ணி ஊத்தறோம். எதுக்குக் கேக்குதோ கேக்கட்டும்.”

சித்தி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். துரைசானி வெறும் கதைதானே, நிஜமாக அப்படி ஒருத்தி இல்லையே என்று எவ்வளவோ சொன்னாள். யாருமே இல்லாமலா இத்தனை பக்கம் எழுதுவார்கள் என்று அத்தை திருப்பிக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீக்காளி வரமுடியாவிட்டால், அவளை ஒத்த ஒருத்தி அவள் பேரைச் சொல்லி முழுக்குப் போடலாம். மூன்று பிள்ளை பெற்றவள் யார் என்று பார்த்தார்கள். வட்டத்தில் அம்மா ஒருத்திதான். அத்தனை நாளும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். “சரிங்க அண்ணி” என்றாள்.

சந்தை நாள் பார்த்து அப்பா விடுமுறை கொடுத்தார். விடியற்காலையில் பஸ் பிடித்தோம். எனக்கு ஒரே கொண்டாட்டம். கட்டுச்சோறு கொட்டிவிடுமோ, அரூரில் அடுத்த பஸ் போய்விடுமோ என்ற பயமும் கூடவே வந்தது. வேதக்கார அக்காவும் வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டு வந்தது. மலை ஏறும்போது ஆளாளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டே, துரைசானிக்கு இப்போது எப்படி இருக்கும், இங்கே நாம் படி ஏற ஏற அங்கே அவளுக்குத் தெரியுமா என்று பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடல் தாண்டி ஓர் உயிரைக் காப்பாற்றப் போகிறோம்!

பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அத்தை “லண்டன் தொரைசானி பேருல” என்று உரக்கச் சொல்லி அம்மாவை அதன் கீழே நிறுத்தினார். வரிசையில் நின்ற வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று முழுக்குக்குத் தலை காட்டிவிட்டு வெளியே வரவேண்டும். அம்மா வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, தண்ணீர் காதெல்லாம் அடிக்க நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காற்றுக்கருப்பு துரைசானியை விட்டு அம்மாவுக்குள் வந்துவிட்டதென்று நினைத்துவிட்டேன். “அம்மா, அம்மா” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் காதில் விழவே இல்லை.

கடைசியில் அத்தைதான் கையைப் பிடித்து இழுத்தார். “என்னாடி, எறங்கிச்சா?”

அம்மா சிரித்தாள். சிறுபிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “அண்ணி, அவ சாவறதுக்குப் போவலீங்க. பாலத்து மேல போயி நின்னா யாரும் கூப்புட மாட்டாங்க. அதுக்குத்தான் போறா.”

சித்தி அம்மாவையே பார்த்தாள். “நீ எப்பக்கா அவளப் போயி பாத்த?” என்றாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“பசிக்குதுங்க. கட்டுச்சோத்த அவுருங்க” என்றாள் அம்மா.

மறுநாள் கொட்டகையில் கடைசிப் பக்கங்கள். தட்டுகிற சத்தமே இல்லை. துரைசானி பாலத்தில் நின்றாள். இருட்டத் தொடங்கியது. பின்பு திரும்பி நடந்தாள். கதவைத் திறந்தாள். மாடியிலிருந்து ஒரு பிள்ளை கூப்பிட்டது. வருகிறேன் என்றாள். புத்தகம் முடிந்தது.

“அவ்வளவுதானா?” என்று ஒருத்தி கேட்டாள். அத்தை அவளை அடக்கிவிட்டு, “உசுரோட வூடு வந்து சேந்தாளா இல்லியா? தண்ணி வேலை செஞ்சிருச்சி” என்றார். தான் ஏற்றிய மெழுகுவத்திதான் வேலை செய்தது என்றது வேதக்கார அக்கா. அதில் ஒரு சண்டை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். இனி ஒரு பயமும் இல்லை.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். குடத்தையும் காணோம். பயமில்லைதான், ஆனாலும் பழக்கம் விடுமா? மேட்டுக்கு ஓடினேன். “அம்மா” என்றேன். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன்.

கொஞ்சம் பொறுத்து, “வரேன் சாமி” என்று குரல் வந்தது.

அம்மா மேடேறி வந்தாள். இடுப்பில் குடம் காலியாக இருந்தது. காலையில் தண்ணீர் கிடந்த கிணறு பங்குனி வெயிலுக்கு அதற்குள் வற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வீட்டுக்கு வந்தேன்.