ஒரு தடவைதான் சொல்வேன்

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்" என்று சொன்ன கையோடு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "சாப்பிடறதுக்கு முன்னாடியா சிஸ்டர்?" என்று ஒரு குரல் பின்னாலேயே வந்தது. சிஸ்டர் திரும்பவில்லை. இன்னொரு முறை சொல்வது அவர் வழக்கத்தில் இல்லை.

இருபது படுக்கை கொண்ட அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஒருதடவை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்குகிறது. அவர் வாயைத் திறந்ததுமே கம்பவுண்டர் பேனாவை எடுத்துக்கொள்வார். பெருக்கித் துடைக்கும் அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். டாக்டர் மட்டும், படித்த தைரியத்தில், ஒருநாள் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டார். சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆட்டைப் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது. டாக்டர் பிறகு கம்பவுண்டரைத் தனியாக அழைத்து விசாரித்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷமா தொண்டையை மிச்சம் பிடிக்கறேன்" என்பது சிஸ்டர் தரும் விளக்கம். அதில் ஆணவமும் கணிசமாக உண்டு. அதை அவர் விளக்குவதில்லை.

அந்தத் தொண்டைக்குச் சோதனையாக ஒரு பெயிண்டர் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது. ஏணியிலிருந்து இறங்கி நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது இதயம் நின்றிருந்தது. சிஸ்டர் இரண்டு கையாலும் மார்பை அழுத்த, கம்பவுண்டர் பலூனைப் பிசைந்து காற்றைச் செலுத்த, பதினோரு நிமிஷம் கழித்து இதயம் மனது வைத்தது. மூளை வைக்கவில்லை.

டாக்டர் வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். "மூளைக்கு ரொம்ப நேரம் ரத்தம் போகல. வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க." தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கூட இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். அதற்குள் பெயிண்டரின் தம்பி வேனைக் கொண்டுவந்து பின்கதவையும் திறந்து வைத்துவிட்டார். அண்ணன் நன்றாக இருந்த நாளில் அவரிடம் இத்தனை சுறுசுறுப்பை யாரும் பார்த்ததில்லை.

"மூணு நாள் முடியாம மூளையைப் பத்தி யாரும் எதுவும் சொல்லக்கூடாது. அதுவரைக்கும் காய்ச்சல் வரவே கூடாது" என்றார் சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று போனில் கைவிரித்துவிட்டார்கள். இங்கே ஏசி இருந்தது ஒரே அறையில், டாக்டர் அறையில். சிஸ்டர் கட்டிலை உருட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனார். டாக்டர் மூன்று நாள் வராந்தாவில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார். அவர்கள் தினமும் காத்திருக்கிற இடம் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் பெயிண்டர் கண் திறந்தார். ஐந்தாம் நாள் பேசினார்.

"என் ஏணி எங்க?"

மனைவி சிரிப்பும் அழுகையுமாக, "வீட்டுல இருக்குங்க. சுவத்துல சாச்சு வச்சிருக்கு" என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து அவர் மறுபடி கேட்டார், "என் ஏணி எங்க?"

இதயம் நின்ற நேரத்தில் மூளையில் ஏதோ ஓரிடம் பட்டினி கிடந்து கெட்டிருந்தது. மனைவியைத் தெரிந்தது. எந்தச் சுவருக்கு எத்தனை பூச்சு என்பதுகூடத் தெரிந்தது. இப்போது சொன்ன பதில் மட்டும் தங்கவில்லை. "அவர் வேணும்னு கேக்கலம்மா. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. அதே வார்த்தையில பதில் சொல்லு, கோபப்படாதே. நாளாக நாளாகக் குறையலாம்" என்று சிஸ்டர் விளக்கினார், ஒரு தடவை. பெயிண்டர் தன்னிடம் ஏணியைக் கேட்கும்போது மட்டும் சிஸ்டர் பி.பி. கருவியின் ரப்பர் குழாயை வெகு அக்கறையாகச் சோதிப்பார்.

ஒரு வாரம் போனது. "அண்ணி, இது பைத்தியம்தான். எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடலாம்" என்றார் தம்பி. வேன் மறுபடி வாசலுக்கு வந்தது. அன்று மத்தியானம் மனைவி, "கேட்டதையே கேட்டு என் உயிரை எடுக்காதீங்க" என்று கத்திவிட்டாள். பெயிண்டர் மிரண்டு போய் அழுதார். பிறகு எதற்கு அழுகிறோம் என்பது மறந்து ஏணியைக் கேட்டார்.

அவள் சிஸ்டரிடம் வந்து நின்றாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக பயமா இருக்கு சிஸ்டர். என்னிக்காவது கை நீட்டிடுவேன். கொழுந்தன் சொல்றபடியே விட்டுடறேன்."

"பதில் சொல்லச் சொன்னேனே."

"சொன்னீங்க, ஒரு தடவை. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா? நீங்க ஒரு மத்தியானம் சொல்லிப் பாருங்களேன்."

இருபத்தாறு வருஷத்தில் சிஸ்டரை அப்படிக் கேட்டவர் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாததால் அது கோபம் மாதிரிதான் வெளியே வந்தது. "போய்ப் படு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

கம்பவுண்டர் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று எண்ணினார். முதல் பத்து தடவை சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். இருபதாவது தடவை குரல் தாழ்ந்தது. முப்பதுக்கு மேல் கம்பவுண்டருக்கே எண்ணிக்கை தப்பிவிட்டது.

நாலு மணிக்கு எழுந்து வந்த மனைவி கதவோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு பையை எடுத்து கணவரின் சட்டைகளை மடித்து வைத்தாள். "வண்டியை எடுங்க தம்பி, நம்ம வீட்டுக்குத்தான்" என்றாள் கொழுந்தனிடம்.

டாக்டர் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு வந்தார். "மறுபடி எப்ப வரணும்?"

"ரெண்டு வாரம் கழிச்சு, செவ்வாக்கிழமை" என்றார் சிஸ்டர்.

டாக்டரின் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்துவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்றார்.

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"என் ஏணி எங்க?" என்றார் பெயிண்டர்.

சிஸ்டர் காலால் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீட்டுல இருக்கு. சுவத்துல சாச்சு வச்சிருக்கு."