சூடாகாத அடப்டரும் புளிக்காத தோசை மாவும்

எங்கள் வீட்டுத் தோசை மா மின்சாரத்தில் புளித்தது. சொன்னால் சிரிப்பீர்கள். மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் வெயில் முகம் காட்டாது. துறைமுகப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்று குசினிச் சுவரையே வேர்க்க வைக்கும். மாலையில் அரைத்து வைத்த மா விடியும்போதும் அப்படியே கிடக்கும். அதற்கு நான் கண்ட வழி சாப்பாட்டறை அலுமாரியின் கீழ்த்தட்டு. இன்டர்நெட் பெட்டி, வீட்டுத் தொலைபேசி, எமர்ஜென்சி லைட் எல்லாவற்றினதும் அடப்டர்கள் அங்கேதான் ஒரே பலகையில் செருகியிருக்கும். கறுத்த, கனத்த கட்டைகள். தொட்டால் கை சுடாது, இதமாக இருக்கும். மாச்சட்டியை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் விடிய மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

என் வீட்டுக்காரர் பென்சன் எடுக்கும்வரை அந்தத் தட்டை எட்டிப் பார்த்ததில்லை. பென்சன் எடுத்த பிறகு மனுசனுக்குப் பொழுதுபோக வேண்டுமே, கைபேசியில் கண்டதையும் வாசிக்கத் தொடங்கினார். அப்படி வாசித்ததில்தான் இந்த அடப்டர்ச் சட்டம் அகப்பட்டது. வெளிநாடுகளில் சார்ஜருக்கும் அடப்டருக்கும் விதி இருக்கிறதாம். செருகியபடி சும்மா இருக்கும்போது இவ்வளவுக்கு மேல் மின்சாரம் குடிக்கக்கூடாது. வேலை செய்யும்போது இவ்வளவுக்கு மேல் சூடாக்கி வீணாக்கக்கூடாது. விதிக்கு அடங்கிய அடப்டரின் முதுகில் வட்டத்துக்குள் ரோமன் எழுத்தில் ஓர் இலக்கம் இருக்கும். ஆறு என்றால் நல்லது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒரு பூதக்கண்ணாடியும் கையுமாக எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும், இவர் கதிரைக்குப் பின்னால் குந்தியிருந்து அடப்டரைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் ஒரு பிரசங்கம். அந்தச் சூடு எல்லாம் உங்கள் மின்சாரம், வீட்டில் ஒருவருக்கும் உதவாத சூடு என்பார். எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையில் இவருக்கு ‘ஆறாம் இலக்கத்தார்’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும், இவருக்கோ பட்டம் கிடைத்த சந்தோசம்.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னதைச் சனம் கேட்டது. ஒழுங்கை முழுக்கப் பழைய கட்டைகள் கழன்றன. துறைமுக வீதியில் போன் கடை வைத்திருக்கும் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நானா, இலக்கம் இல்லாத சார்ஜர்களை விற்பதையே விட்டுவிட்டார். எங்கள் வீட்டிலும் கொதிக்கிற ஆவணி மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றினார். பழையவற்றை ஒரு பையில் போட்டு, பழுதான மின்சாதனங்கள் சேர்க்கிறவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். புதியவை தீப்பெட்டிபோல் சின்னன், தொட்டால் சில்லென்று இருந்தன. நானும் நல்லதென்றுதான் சொன்னேன். ஆவணியில் மா தானாகப் புளிக்கும், எனக்கு அலுமாரியின் நினைவே வரவில்லை.

அந்த நேரம் மச்சாள் எங்களோடு இருந்தா. இவருடைய அக்கா, திரியாயில் தனியாக இருந்த ஆள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றவேண்டி வந்ததால் இங்கே கூட்டிவந்திருந்தோம். மருந்து நோயைப் பிடித்ததோ இல்லையோ, மச்சாளின் நாக்கையும் மூக்கையும் பிடித்துவிட்டது. மீன் குழம்பும் ஒன்று, வெறுந்தண்ணீரும் ஒன்று என்பா. வாயில் வைப்பா, மெல்லுவா, என் முகத்தைப் பார்த்து விழுங்குவா, பிறகு கோப்பையைத் தள்ளிவிடுவா. உடம்பு தேறாவிட்டால் அடுத்த மருந்து ஏற்ற ஏலாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் சமைத்துச் சமைத்துத் தோற்றுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் மச்சாளின் கோப்பையைப் பார்த்தால் கோபம் வராது, அழுகைதான் வரும்.

மாரியின் முதல் பெருமழை பெய்த அன்று, கூப்பிடாமலே குசினி வாசலுக்கு வந்து நின்றா.

“பிள்ளை, நல்லாப் புளிச்ச தோசை ஒண்டு தின்னோணும் போல கிடக்கு.”

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. எத்தனையோ கிழமைக்குப் பிறகு இந்த மனுசி தானாக ஒன்றைக் கேட்கிறா! உளுந்தை ஊறப் போட்டேன், பொழுதுபட அரைத்தேன், சட்டியைக் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். விடிய எழும்பி ஓடிப்போய்த் திறந்தால், மா வைத்த மட்டத்திலேயே இருக்கிறது. ஒரு குமிழிகூட இல்லை. பக்கத்தில் புதிய அடப்டர்கள் குளிர்ந்துபோய் நல்ல பிள்ளைகளாக இருந்தன. அப்போதுதான் எனக்கு விசயம் விளங்கியது.

“இஞ்ச வாருங்கோ, உங்கட ஆறாம் இலக்கம் என்ர மாவைக் கொண்டுபோட்டுது.”

இவர் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். வெந்நீரில் வைப்போமா என்றார். வெந்நீரில் வைத்தால் ஓரம் வெந்து நடு அப்படியே கிடக்கும். அப்பச்சோடா போடுவோமா என்றார். சோடா போட்டால் பொங்கும், புளிக்காது. மச்சாள் கேட்டது புளிச்ச தோசை, பொங்கின தோசை இல்லை என்று குதித்தேன். நாளைக்கு அந்த ஆசை இருக்குமோ ஆருக்குத் தெரியும், இன்றைக்கே வேண்டும், எங்கேயாவது போய்ச் சூடாகிற கட்டை ஒன்றோடு வாருங்கள் என்று துரத்திவிட்டேன்.

அந்தக் காலை இவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு நோகச் சிரிப்பு வரும். எந்த வீட்டுச் சுவர்களுக்கு முன்னால் பிரசங்கம் வைத்தாரோ, அதே வீடுகளுக்குக் குடையும் பிடித்துக்கொண்டு போய், சூடாகிற அடப்டர் இருக்குமோ என்று கேட்டார். ஒருவரிடமும் இல்லை. பக்கத்து வீட்டு ரீச்சர், உங்களுக்குப் பயந்துதான் எறிந்தோம் என்றாவாம். கடையில் நானா இவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

“சேர், நீங்க சொல்லித்தானே எல்லாத்தையும் மாத்தினன். இப்ப நீங்களே வந்து சூடாகிறது இருக்கா எண்டு கேட்டா, நான் என்னண்டு வாப்பா குடுக்கிற?”

பிறகு மழையோடு மோட்டார் சைக்கிளில் கப்பல்துறைக் கிராமத்துக் கூட்டாளி வீட்டுக்குப் போனார். அங்கேயும் இவருடைய ஆறாம் இலக்கம் முந்திப் போயிருந்தது. திரும்பி வரும்போது மழை இறுகி, மூடிய கடையொன்றின் தாழ்வாரத்தில், ஊருக்குள் திரியும் மான்களோடு மானாக ஒதுங்கி நின்றிருக்கிறார். வீட்டுக்குள் வந்தபோது காற்சட்டை நுனியால் தண்ணீர் ஒழுகியது. ஊர் முழுக்கத் திருந்திப்போச்சு என்று வெறுங்கையை விரித்தார். பெருமைப்படுவதா கவலைப்படுவதா என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அறைக்குள்ளிருந்து மச்சாளின் குரல் வந்தது.

“தம்பி, ஏசமாட்டாய் எண்டால் ஒண்டு சொல்லுறன். ஒரு சூட்டுக் கட்டை என்னட்டக் கிடக்கு.”

இரண்டு பேரும் ஓடிப்போனோம். கட்டில் தலைமாட்டில், திரைச்சீலைக்குப் பின்னால், மச்சாளின் ரேடியோவினுடைய பழைய அடப்டர் சுவரில் செருகியிருந்தது. ரேடியோவுக்கு இவர் புதியது வாங்கிக் கொடுத்திருந்தார். பழையதை மச்சாள் அந்தப் பையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டிருக்கிறா. வயரின் மற்ற முனை ஒன்றிலும் மாட்டாமல் தொங்கியது. ஒரு வேலையும் செய்யாமல், சும்மா செருகிக் கிடந்து மின்சாரம் குடிக்கும் அடப்டர்! இவருடைய சட்டத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஏன் அக்கா என்று மட்டும் கேட்டார்.

“மருந்து ஏத்தினதில இருந்து விரல் எல்லாம் குளிருது. இதில கையை வச்சுக்கொண்டிருந்தா, ஆரோ பிடிச்சுக்கொண்டிருக்கிற மாதிரி.”

இவர் ஈரக் கையைக் கட்டில் விரிப்பில் துடைத்துவிட்டுக் குனிந்து அடப்டரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்தார். நான் மாச்சட்டியைக் கொண்டுவந்து கட்டிலோடு ஒட்டின கதிரையில் வைத்தேன். சட்டி அடப்டரில் முட்டும்படி கதிரையைச் சுவரோடு தள்ளி, ஓர் அட்டைப் பெட்டியை நிறுத்தி மறைப்புக் கட்டினேன். அன்று பகல் முழுக்க மச்சாள்தான் காவல். நான் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்க, திறக்காதே பிள்ளை, காத்துப் பிடிக்கும் என்று விரட்டினா. அந்த அதட்டலைக் கேட்கவே எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பின்னேரம் நான் குசினியில் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மச்சாள் கூப்பிட்டா. மா பொங்கி வழிந்துவிட்டதாக்கும் என்று துணியோடு ஓடினேன். சட்டி மூடியபடிதான் இருந்தது. மச்சாள்தான் எழும்பி உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை அதன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தா.

“பிள்ளை, புளிச்ச மணம் வருது.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அங்கேயே நிலத்தில் குந்தி அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். இவர் வந்து என்ன நடந்தது என்று பதறினார். அக்காவுக்கு மணக்குதாம் என்றேன். அவர் மூடியைத் திறந்து அக்காவின் மூக்குக்குக் கீழே பிடித்தார். உள்ளே மா குமிழி குமிழியாக எழும்பி நின்றது. மச்சாள் அன்று தோசை தின்றா, சம்பலுக்கு உப்புக் காணாது என்று குறை சொன்னா, இன்னொன்று கேட்டா. குறை கேட்டு நான் சந்தோசப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

மச்சாள் தேறி அடுத்த மருந்தையும் ஏற்றிக்கொண்டா. இவருடைய பிரசங்கமும் நிற்கவில்லை, இப்போதும் போகிற வீடுகளில் பூதக்கண்ணாடியோடு சுவரைத் தேடுகிறார். சூடாக இருந்தால் கழற்றச் சொல்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கட்டிலின் தலைமாட்டில் இலக்கமே இல்லாத அந்தக் கறுத்தக் கட்டை செருகியபடிதான் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகமுதல் இவர் அக்காவின் அறைக்குள் போவார், குனிந்து அதைத் தொட்டுப் பார்ப்பார். சூடு இருந்தால்தான் திரும்பி வருவார்.