பலாமரத்துக்கு நீராவிக் குளியல்

பாதி வருடம் மழையும் மீதி வருடம் புழுக்கமுமாக இருக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில் மரத்தை உலர்த்திக் கொடுப்பதும் ஒரு பிழைப்புதான். எழுபதுகளின் கடைசியில், மரம் உலர்த்தும் ஒரு கம்பெனியில் அது என் பிழைப்பாக இருந்தது. அப்பளம் போடுகிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும் என் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். ஒரே ஒரு லோடு மரத்தோடு நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

முதல் குளியல்

தோப்பும்படியில் தச்சுப் பட்டறை வைத்திருந்த அந்தோணி சேட்டன், மகள் கல்யாண அலமாரிக்காக வீட்டுப் பலாமரத்தையே வெட்டிப் பலகையாக்கிக் கொண்டுவந்தார். வெடித்துவிட்டால் அந்த மரம் திரும்பக் கிடைக்காது என்று வந்ததிலிருந்து புலம்பினார்.

பலகைகளை மரம் உலர்த்தும் சீசனிங் அறையில் அடுக்கிக் கதவைச் சாத்தியதும் நான் நீராவியைத்தான் திறந்துவிட்டேன். வெறும் சூடு கொடுத்தால் மேல்பக்கம் மட்டும் முந்திக் காய்ந்து பலகை வெடித்துவிடும். காற்றில் முதலில் ஈரம் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கண்ணாடி ஜன்னலில் எட்டிப் பார்த்த சேட்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உணக்கத் தந்த மரத்தை வேக வைக்குறியே மோனே, இது என்ன கப்பைக் கிழங்கா?"

காவி வேட்டி

அடுத்த வாரம் என்ன செய்தும் அறையில் ஈரம் குறையவில்லை. இப்படியே போனால் சேட்டனின் பலகையில் பூஞ்சணம் பிடித்துவிடும். உள்ளே போய்ப் பார்த்தால், அடுக்குக்குப் பின்னால் கொடி கட்டி ஆபீஸில் உள்ள எல்லோருடைய துவைத்த துணியும் தொங்குகிறது! நடுநாயகமாக மானேஜரின் வேட்டி. மேலே துருத்திக்கொண்டிருந்த பலகைகளிலிருந்து சொட்டிய சாறு அதற்கு நல்ல காவி நிறம் கொடுத்திருந்தது. மானேஜர் அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார்: "நாளைக்கு நான் வெலிங்டன் தீவுக்கு மீட்டிங் போறதா, நேரா சன்னியாசம் போறதா?"

பாவப்பட்ட துணி

அறையில் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழில் எப்போதும் நனைந்த துணி சுற்றியிருக்கும். காற்று காயக் காய அது மற்றதைவிடக் குறைத்துக் காட்டும். இரண்டும் ஒன்றாகக் காட்டினால் காற்று முழுக்க ஈரம் என்று அர்த்தம். ஒரு நாள் காலையில் அப்படித்தான் காட்டின. பதறிப்போய், ஈரக்காற்று வெளியேறக் காற்றுப் போக்கிகளை முழுக்கத் திறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டப்' என்று பலகை வெடிக்கும் சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் பார்த்தால் குமிழில் இருந்த துணி மொறமொறவென்று காய்ந்திருக்கிறது! அதனால்தான் இரண்டும் ஒன்றாகக் காட்டியிருக்கின்றன. பாய்லர் பார்க்கும் பரீது இக்காதான் ஈரத்துணியை எடுத்துவிட்டுக் காய்ந்த துணி கட்டியிருக்கிறார். போக்கிகளைச் சாத்தி, நீராவியைத் திறந்துவிட்டு, அவரிடம் போய்க் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எப்பப் பாத்தாலும் நனைஞ்சே கெடக்கு, பாவம் தோணிச்சு, மாத்திக் கட்டினேன்."

கதவு திறந்த நாள்

சேட்டன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பலகையாகத் தடவினார். எல்லாம் நன்றாக இருந்தன, ஒன்றைத் தவிர. அதன் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. சேட்டன் அதை விரலால் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பெண்தான் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் குத்தம் சொல்ல ஒண்ணாவது வேணாமா அப்பச்சா, அத முன்பக்கமே வைங்க!"

மரம் காய்வதற்கு முன்னால் அதை உலர்த்துகிறவனின் தொண்டை காய்ந்துவிடும் என்பதை எந்த மீட்டரும் இதுவரை காட்டியதில்லை.